பன்றித் தொண்டையில் குடியிருப்பவை

பெயர் புங் தி லுவா. வயது நாற்பத்தொன்பது. கணவர் பெயர் தாவ் வான் கியேம். தாய்பின் மாகாணம், தோங் லா கிராமம், கால்வாய்ப் பாலத்தை ஒட்டிய சந்தில் வசிக்கிறேன். தொழில் பன்றி வளர்ப்பு. கணவரின் தொழில் என்ன என்று கேட்டதற்கு விருந்துக்குப் போவது என்று சொன்னேன். காவல் துணை ஆய்வாளர் அதை எழுத மறுத்து விவசாயம் என்று எழுதினார். அவர் மறுத்ததையாவது எழுதும்படி கேட்டுக்கொண்டேன், எழுதியிருக்கிறார்.

எங்கள் கிராமத்தின் முன்னாள் தலைவர் விங் என்பவர் சென்ற மாதம் மூன்று மாடி வீடு கட்டி முடித்து, புதுவீட்டு விருந்துக்காக என்னிடம் பன்றி கேட்டு வந்தார். என் முற்றத்தில் நின்றுகொண்டு, "லுவா, உன் வீட்டுப் பன்னிதான் வேணும். பண்ணைப் பன்னி ரத்தத்தை நான் விருந்தாளி வாயில வைக்கமாட்டேன்" என்று பெருமையாகச் சொன்னார். உறைரத்தம் பரிமாறப் போகிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அறுத்த பன்றியின் பச்சை ரத்தத்தில் மீன்சாறு ஊற்றி, வெந்த குடலைப் பொடியாக நறுக்கிப் போட்டு, கிண்ணத்தில் உறையவிட்டு, மேலே கடலையும் தழையும் தூவி, எலுமிச்சை பிழிந்து தின்பார்கள். மாதத் தொடக்கத்தில் இந்தச் சிவப்பு உள்ளே போனால் மாதம் முழுக்க ராசியாம். வீட்டில் வளர்த்த பன்றியின் ரத்தம் சுத்தமாம். மிச்சம் மீதி கிருமி இருந்தால் அதை அரிசிச் சாராயம் கொன்றுவிடுமாம். இதையெல்லாம் எங்கள் ஊர் ஆண்கள் பேசும் தோரணையைப் பார்த்தால் ஆளுக்கொரு மருத்துவமனை வைத்து நடத்துகிறார்களோ என்று தோன்றும்.

நான் விங்கிடம், "அண்ணே, ரத்தத்தை வேகவெச்சுக் கஞ்சியில போடுங்க, பச்சையா வேணாம்" என்று சொன்னேன். அவர், "பொம்பளைங்களுக்குப் பயம் ஜாஸ்தி. அதான் உங்களை அந்தப் பந்தியில உக்கார வைக்கிறதில்ல" என்று சிரித்தார். நான் பன்றியை விற்றேன். பன்றி விற்பது என் தொழில். நரைத்த ஆண்கள் வாயில் எதைப் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பது என் தொழில் இல்லை.

விருந்தன்று காலையில் என் கணவர் அந்தப் பன்றியைக் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போனார். அது வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தன் காலால்தான் நடந்து போனது. இதைச் சந்திலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். என் வீட்டில் ஒரு பெண்பன்றி குட்டி ஈனும் நிலையில் இருந்ததால் நான் விருந்துக்குப் போகவில்லை. அதன் பிறகு பிற்பகலில் முகம் சிவந்து திரும்பிய என் கணவர், ஒவ்வொரு தட்டிலும் உறைரத்தம் இருந்ததாகவும், விங் ஒரு கிண்ணத்தைத் தன் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்தும் ஒரு சொட்டு விழவில்லை என்றும் வாய் ஓயாமல் சொன்னார். விழுந்திருந்தால் எல்லோருக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மறுநாள் என் கணவருக்குக் காய்ச்சல் வந்து, கழுத்து விறைத்து, வாந்தி எடுத்தார். சாராய மயக்கம் தெளியவில்லை, பாசிப்பயறுக் கஞ்சி குடித்தால் சரியாகிவிடும் என்று சொன்னார். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அவர் விழிக்காமல் போனபோது வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே பக்கத்துக் கட்டிலில் விங்கின் மைத்துனர் லாப் உடம்பெல்லாம் கருநீலத் திட்டுகளோடு கிடந்தார். லாப் அன்றே இறந்துவிட்டார். என் கணவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. பன்றியிலிருந்து வந்த கிருமி மூளைச் சவ்வைப் பிடித்ததால் இப்படி ஆனது என்றும், கேட்கும் திறன் இனித் திரும்பாது என்றும் மருத்துவர் சொன்னார்.

அதன் பிறகு, நான் தெரிந்தே நோய்ப் பன்றியை விற்றதாக விங் புகார் கொடுத்தார். என் வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூள் கொட்டினார்கள். என் வீட்டுப் பன்றிகளுக்கு நோய் என்று காலையிலும் மாலையிலும் கிராம ஒலிபெருக்கியில் படித்தார்கள். என் பன்றிகள் அத்தனையையும் கொன்று புதைத்துவிட்டு என்மேல் வழக்குப் போடப்போவதாகவும் சொன்னார்கள். அதுவரை என் வீட்டுக் கறிக்குக் காத்துக் கிடந்தவர்கள் என் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஹனோயிலிருந்து ஹான் என்ற கிருமி ஆராய்ச்சிப் பெண்மணி வந்து, என் பன்றிகளின் வாயை இரும்புக் கவ்வி வைத்துத் திறந்து, தொண்டைச் சதையில் பஞ்சு தடவி எடுத்துக்கொண்டு போனார். மறுபடி வந்தபோது என்னையும் விங்கையும் துணை ஆய்வாளரையும் ஒன்றாக நிற்கவைத்து, என் பன்றிகளின் தொண்டையில் அந்தக் கிருமி இருக்கிறது என்று சொன்னார். விங் தொடையில் தட்டிக்கொண்டார். ஆனால் அந்தப் பெண் நிறுத்தவில்லை. "இருங்க. எந்த ஊர்ப் பன்னி தொண்டையைத் தொறந்தாலும் இது இருக்கும். பேருதான் ஒண்ணு, வம்சம் வேற வேற. அக்கா பன்னியில மட்டும் அஞ்சாறு வம்சம் கிடைச்சிருக்கு. எல்லாம் சும்மா குடியிருக்கிற சாதுங்க. செத்தவர் முதுகுத்தண்டு நீர்லயும் இவங்க வீட்டுக்காரர் நீர்லயும் கிடைச்சது வேற வம்சம், ரத்தத்துல எறங்கி மூளைக்கு ஏறுற வம்சம். அது இங்க ஒண்ணுத்துலயும் இல்ல" என்றார்.

எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு நுயென் என்றுதான் பெயர். ஒரு நுயென் கோழி திருடினால் எல்லா நுயென்களையும் பிடித்துப் புதைத்துவிடுவீர்களா என்று துணை ஆய்வாளரைக் கேட்டேன். அவரும் நுயென்தான். அவர் சிரிக்கவில்லை.

ஆனால் விங் விடவில்லை. "அறுத்த பன்னியோட தொண்டையை யாரு பாத்தா? தலையைத்தான் தின்னு முடிச்சாச்சே. அந்த ஒண்ணு தொண்டையிலதான் கொலைகார வம்சம் இருந்திருக்கும்" என்றார். அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என ஹான் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் பொய் சொல்லாதவர் என்பதால் நான் மாட்டிக்கொண்டேன். பன்றிகளைப் புதைக்க என் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டதாகத் துணை ஆய்வாளர் தெரிவித்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தேன். நான் விற்றது சின்னப் பன்றி. விங் ஊரையே அழைத்திருந்தார். அந்த ஒரு பன்றியின் ரத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் எப்படி வந்தது என்ற சந்தேகம் எனக்கு எழுந்தது. என் கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் நின்று, மூக்கைச் சுளித்துப் பன்றி போல் காட்டி, ஒரு விரலைக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இருபத்தாறு வருடமாக அந்த முதுகை எனக்குத் தெரியும். எதையாவது மறைத்தால்தான் அது அப்படித் திரும்பும். நான் அவருடைய சோற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன்.

சற்று நேரம் கழித்து அவர் எழுந்து, வாசலில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, என்னை அருகே அழைத்து, என் காதில் வாயை வைத்து, தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, பாலத்துக்கு அந்தப்புறம் வரை கேட்கும்படி அலறினார்.

"ரெண்டு பன்னிடீ! உன் பன்னி ரத்தம் பத்தல. லாப்பு போய் அவன் பன்னியைத் தூக்கிட்டு வந்தான். காய்ச்சல் வந்து காலை இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. சாகுறதுக்குள்ள அறுத்துட்டா வீணாப் போவாதுன்னான். விங்கு அண்ணன்தான் ரெண்டு ரத்தத்தையும் ஒரே சட்டியில ஊத்திக் கலக்குனாரு. யார்கிட்டயும் சொல்லிப்புடாத!"

பாலத்தில் தவிடு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. என் கணவர் மட்டும் யாருக்கும் தெரியாமல் சொல்லி முடித்த நிம்மதியோடு சோற்றுக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு சைகையில் கேட்டதற்கு, அதே குரலில், "செத்தவன் பேரைக் கெடுக்கலாமா? விங்கு அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து சத்தியம் வாங்கிட்டாரு, அவர் உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்கிட்டேன்" என்றார். விங்கின் உதட்டசைவு அவருக்குப் புரிந்திருக்கிறது. செத்தவன் பெயர் கெடக்கூடாது, உயிரோடு இருக்கும் பெண்டாட்டியின் பெயரை ஒலிபெருக்கியில் கட்டித் தொங்கவிடலாம் என்பதுதான் இவர்களுடைய நட்பு. அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு எந்தப் பன்றிக் கொட்டிலிலும் வந்ததில்லை.

அதன் பிறகு அக்கம்பக்கத்தார் சொன்னதன் பேரில் துணை ஆய்வாளர் ஹானை அழைத்துக்கொண்டு லாப் வீட்டுக் கொட்டிலுக்குப் போனார். அங்கே மிச்சமிருந்த பன்றிகளிலும் பல வம்சங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, லாப்பைக் கொன்று என் கணவரின் காதைத் தின்ற அதே வம்சம் என்று ஹான் உறுதி செய்தார். இது தெரிந்ததும் விங், தான் சட்டியைத் தொடவே இல்லை, எல்லாவற்றையும் கலக்கியது லாப்தான் என்று சொன்னதாக அறிகிறேன். செத்தவன் பெயரைக் காப்பாற்றச் சத்தியம் வாங்கியவர் இவர்தான். லாப்பின் மனைவிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தப் பெண்ணையும் யாரும் கேட்டுவிட்டுப் பன்றியைத் தூக்கவில்லை.

என் வாசலில் உள்ள கயிற்றையும் சுண்ணாம்பையும் அவற்றைக் கொண்டுவந்தவர்களே அகற்ற வேண்டும் என்றும், என் பன்றிகளுக்கு நோய் என்று ஒலிபெருக்கியில் படித்த அதே குரல் அவற்றுக்கு நோய் இல்லை என்று காலையிலும் மாலையிலும் படிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

உண்மையை மறைத்ததற்காக என் கணவர் மீதும் புகார் கொடுக்க விரும்புகிறேனா என்று துணை ஆய்வாளர் கேட்டார். விரும்பவில்லை. அவர் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். குழி வெட்ட ஆள் சொன்ன நாளிலிருந்து, இது முடிந்ததும் அவரை உட்கார வைத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவ்வளவும் தொண்டையிலேயே இருக்கிறது. அதை இனி யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் பார்த்ததும் என் காதால் கேட்டதும் மட்டுமே இதில் உள்ளன. கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை, யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
புங் தி லுவா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
நுயென், துணை ஆய்வாளர்