பதிவு ஓடும்போது பேசக்கூடாது

உள்ளே தேதென். வெளியே நந்தாங், அதாவது நான். குகைக் காவலர் மாங் ஒஜோ வந்தார், சாவியைக் கொடுத்தார், போய்விட்டார். வேறு யாரும் இல்லை.

இப்படிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், சார். ஓர் இடத்தின் ஒலியைப் பதிவு செய்யும் முன் இடம், தேதி, யார் யார் இருந்தார்கள் என்று மைக்கில் சொல்லிவிடுவோம். அதன்பிறகு முப்பது நிமிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது. இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் கல்லோடு கல்லை இரண்டு முறை தட்ட வேண்டும். விதியை வைத்தவன் நான். ஒரு தடவைகூட அதைக் காப்பாற்றாதவன் தேதென். நடுவில் சிரிப்பான், சிகரெட் பற்றவைப்பான். "வெட்டிக்கலாம்டா" என்பான்.

நான் காட்டிலிருந்து கொண்டுவரும் மழையையும் பூச்சியையும் ஓடையையும் அவன் பாண்டுங் நகரத்தில் தன் அறையில் உட்கார்ந்து இழுத்து, மெதுவாக்கி, இசையாக்குவான். தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. காப்பிக் கடையில் ஓடும். ஜனங்கள் போட்டுவிட்டுத் தூங்குவார்கள். மாங் ஒஜோவுக்கு எங்கள் வயதுப் பையன்கள் எல்லாருமே 'ஜாங்', தம்பி. எங்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "ஏ ஜாங், தூங்குறவன்கிட்டயே பாட்டு விக்கிறீங்களே, நல்லா இல்லன்னு எவன் எந்திரிச்சு சொல்லப் போறான்?"

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சதுப்பு இருந்தது. படிப்பை விட்டபின் துணி ஆலையில் எனக்கு இரவு வேலை. காலையில் வெளியே வந்ததும் நேராக அங்கே போவேன். தறிச் சத்தத்தில் அடைத்த காது அந்தத் தண்ணீரோரம்தான் திறக்கும். நான்கு வருடம், நாற்பத்தோரு மணி நேரப் பதிவு. எல்லாவற்றையும் தேதெனிடம்தான் கொடுத்துவைத்திருந்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. போன வருடம் லாரி லாரியாக மண் கொட்டிச் சதுப்பை மூடினார்கள். இப்போது அங்கே வீடுகள்.

மார்ச் மாதம் பதிவுகளைத் திருப்பிக் கேட்டேன்.

"அதுவா? டிஸ்க்ல எடமில்ல. அழிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"வேணுங்கிறது ஆல்பத்துல இருக்குல்ல?"

"பன்னெண்டு நிமிஷம் இருக்கு. தவளைன்னே தெரியாத மாதிரி."

"தவளைதானடா. வேற குட்டையில போய்ப் புடிச்சுட்டு வா."

நான் கத்தவில்லை. மூஞ்சியில் குத்தவும் இல்லை. அவன் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தேன்.

பதின்மூன்று நாள் கழித்து வாழையிலையில் சுற்றிய சோறும் வறுத்த மீனும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே வருந்தினான் என்றுதான் நினைக்கிறேன்.

"என்ன செஞ்சா ஒனக்கு ஆறும்? சொல்லு."

"ஒரு தடவை, முப்பது நிமிஷம், வாயை மூடிட்டு உக்காந்து கேளு. குகையில. தனியா."

"இவ்ளோதானா? மூச்சுகூட விட மாட்டேன், போ."

குகைக்கு இரும்புக் கதவு உண்டு. சூப்பு வைக்க நல்ல விலைக்குப் போகும் குருவிக் கூடுகளைத் திருட வருகிறவர்களுக்காகப் போட்டது. குனிந்துதான் நுழைய முடியும். மைக்கை உள்ளே ஓடையோரம் நட்டேன். கம்பியைக் கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில்.

மாங் ஒஜோ என்ன சொல்லி எச்சரித்தார் என்று கேட்டீர்கள். சாவி கொடுக்கும்போது சொன்னார்: "மலைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது, ஜாங். இங்க வெயிலடிக்கும், உள்ள தண்ணி ஏறும். சட்டுனு முடிச்சுட்டு வாங்க." தேதென் அப்போது பைக் பக்கம் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். நான் தலையாட்டினேன். அவனிடம் சொல்லவில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் ஓடையின் ஒலி மாறியது. குடம் நிறையும்போது சத்தம் மெலிந்து மெலிந்து மேலே போகுமே, அதுபோல. பதினான்கில் கல் தட்டும் சத்தம், இரண்டு முறை. மறுபடி இரண்டு முறை. பதினேழில் மைக்கை வாயருகே எடுத்துக்கொண்டான்.

"நந்தாங்... இடுப்புக்கு வந்துருச்சுடா. நிறுத்திக்கலாமா? கெட்டுப்போயிராதுல்ல?"

கிசுகிசுத்தான், சார். என் பதிவு கெட்டுவிடக்கூடாதே என்று கிசுகிசுத்தான். எங்கள் பழக்கத்தில் முதல் தடவை அவன் என் வேலையை மதித்தது அப்போதுதான்.

இருபதாவது நிமிடம் கதவை அடிக்கத் தொடங்கினான். அலறினான். அளவுமானி சிவப்பைத் தொட்டது. ஒலி உடையாமலிருக்கச் சற்றுக் குறைத்தேன். இடுக்கு வழியே தண்ணீர் பீய்ச்சியதும் கருவியைத் தூக்கிப் பாறைமேல் வைத்தேன். இருபத்தாறில் அடிக்கும் சத்தம் நின்றது. முப்பது ஆகும்வரை காத்திருந்தேன். திறந்தபோது முதலில் தண்ணீர்தான் வந்தது.

கோபமா என்று கேட்டீர்கள். கோபம்தான். இன்னும் தீரவில்லை.

கருவியை ஏன் ஆற்றில் எறியவில்லை, நீயே ஏன் கொண்டுவந்து கொடுத்தாய் என்றும் கேட்டீர்கள். எதையும் அழிக்கிற ஆள் நான் இல்லை, சார். அழித்தவன் அவன். ஒரு வேண்டுகோள்தான்: வழக்கு முடிந்ததும் அதை யாரும் அழித்துவிடக்கூடாது.

போட்டுக் கேளுங்கள். வழக்கமாகக் கதவைச் சாத்திய பிறகுதான் பதிவைத் தொடங்குவேன். அன்று எனக்கே அவசரம், முன்னாலேயே அழுத்திவிட்டேன். முதலில் என் குரல், இடம், தேதி, பெயர்கள். அப்புறம் உள்ளேயிருந்து தேதென்: "கதவு காத்துல கிரீச்சுங்குது பாரு, பூட்டிரு. முப்பது நிமிஷம் கழிச்சுத் தொறக்க மறந்துராதடா." சிரிக்கிறான். பிறகு இரும்பு இரும்போடு மோதும் சத்தம். சாவி, இரண்டு சுற்று.