ஈரத்தில் இறுகிய முடிச்சு

அண்ணன்: கதவைத் திறடா. உடுப்பு மாத்துற அறையிலயே குடியேறிட்டியா?

தம்பி: நீ போண்ணா. எனக்கு வயித்து வலி.

அண்ணன்: காலையில என் பங்கையும் சேர்த்துத் தின்னப்ப வலிக்கலையா?

தம்பி: இப்பதான்... ஆரம்பிச்சுது.

அண்ணன்: நீச்சல் மாஸ்டர் உன்னைத் தேடிக் கத்திட்டிருக்காரு. நாலு பேர் சேர்ந்து நீந்துற போட்டி. நீ இறங்கலைன்னா மத்த மூணு பேரும் கரையிலதான் நிக்கணும்.

தம்பி: பயிற்சியில பனியனோட விட்டாங்க. போட்டியில கூடாதாம்.

அண்ணன்: கழட்டிட்டு இறங்கு.

தம்பி: உனக்கென்ன... மூட்டை தூக்கித் தூக்கி இரும்பா இருக்க. எனக்கு நெஞ்சுல சதை தொங்குது. பசங்க...

அண்ணன்: கிள்ளுறாங்களா?

தம்பி: ...ம்.

அண்ணன்: எவன்?

தம்பி: எல்லாருந்தான். விடு. போய்ச் சண்டை கிண்டை போட்டுடாத.

அண்ணன்: சரி... நெஞ்சைச் சுத்தித் துணியை இறுக்கிக் கட்டியிருக்கியா?

தம்பி: பழைய போர்வைக் கிழிசல். குளிச்சப்ப நனைஞ்சிருச்சு. அவிழ்க்கவே முடியல. மூச்சு முட்டுது.

அண்ணன்: இழுக்காத, இழுக்க இழுக்கக் கல்லாயிரும். மூச்சை முழுசா வெளிய விடு. முடிச்சு அக்குளுக்குக் கீழதானே? மெதுவா முன்பக்கம் நகர்த்து.

தம்பி: நகர மாட்டேங்குது. தோல் உரியுது.

அண்ணன்: திற. சாக்கு வெட்டுற கத்தி கையில இருக்கு.

தம்பி: சிரிக்கக் கூடாது.

அண்ணன்: சிரிச்சா என்னைத் தண்ணியில தள்ளிவிடு. ...அடப்பாவி, இப்படியா சிவந்து கிடக்கும்? கையைத் தூக்கு. அசையாத... ஆச்சு.

தம்பி: அப்பாடா.

அண்ணன்: வீட்டுக்குப் போகணும்னா சொல்லு, கூட்டிட்டுப் போறேன். யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க.

தம்பி: வேணாம். கிள்ளுறவன் ஒருத்தனும் என்னை முந்தினதில்ல. இறங்குறேன். பார்க்குறவன் பார்த்துட்டுப் போகட்டும்.

அண்ணன்: அப்படிப் போடு.

தம்பி: இரு... கதவு மூடித்தானே இருந்துச்சு? துணி சுத்தினது, முடிச்சு அக்குள்ல இருக்கிறது... உனக்கு எப்படித் தெரியும்?

அண்ணன்: முதுகுல முடிச்சுப் போட்டா மூட்டை அழுத்தும். முன்னால போட்டா சட்டையில புடைக்கும்.

தம்பி: மூட்டையா? அண்ணா... எல்லாரும் வெயில்ல வெத்து உடம்போட வேலை செய்யுறப்ப, சிமெண்ட்டுத் தூசி அரிக்கும்னு நீ மட்டும் சட்டையோட...

அண்ணன்: இந்தா, கத்தியைப் பிடி. என்னோடதையும் வெட்டு. நீ நீந்தி முடிக்கிற வரைக்கும் நானும் கரையில சட்டை இல்லாமதான் நிக்கப்போறேன்.