கரை போன் யார் கையில்?

அலை இரைச்சலையும் மீறி முழங்கும் குரல்வளம் படைத்த எங்கள் மீனவர் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய சக்கரபாணி அண்ணன் அவர்களே! செல்போன் சொற்களையெல்லாம் நமக்கு விளக்கிவிட்டு, திண்டிவனம் பஸ்ஸுக்காக மணி பார்த்துக்கொண்டிருக்கும் அறிவுச்செல்வன் தம்பி அவர்களே! மரக்காணத்துக் கரையின் மூத்தோரே! மீன்கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மாரே! அனைவருக்கும் காசியம்மாளின் வணக்கம்.

என்னை நன்றியுரை சொல்ல அழைத்தார்கள். இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். என் வீட்டுக்காரர் வீரமுத்துவைக் கடல் கொண்டுபோனது போன ஐப்பசியில். அழுதுவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். உட்காரவா?

யாரது, செண்பகமா? "பேசுக்கா, உன் வாய யாரு மூடுறது?" என்கிறாள். சரி, பேசுகிறேன்.

சிம் என்பது நகத்தளவு அட்டை, அதற்குள்தான் நம் நம்பர் குடியிருக்கிறது என்றார் தம்பி. ஆகா! நம்பருக்கு இடம் கிடைத்துவிட்டது. நமக்குப் பட்டா எப்போது தம்பி? சிக்னல் என்றார். கரையில் நாலு கோடு, உள்ளே போனால் ஒரு கோடு, அதற்கும் அப்பால் அங்காளம்மன்தான். வேலிடிட்டி என்றார். போனில் காசு இருந்தாலும் நாள் முடிந்தால் பேச்சு முடிந்தது என்றார். இதை எனக்கா விளக்க வேண்டும்?

மிஸ்டு கால் என்றாரே, அங்கேதான் தம்பிக்கு எங்கள் கரை வழக்கம் தெரியவில்லை. வலை நிறைய மீன் விழுந்தால், படகிலிருந்து தலைவருக்கு மணி அடிப்பார்கள். தலைவர் எடுக்காமல் கட் செய்வார். ஐஸ் வண்டி கரைக்கு வந்துவிடும். பேசவும் வேண்டாம், காசும் போகாது.

படகு கவிழ்ந்த அன்று என் வீட்டுக்காரர் தலைவருக்கு அடித்தார். தலைவர் கட் செய்தார். மறுபடி அடித்தார். மறுபடி கட் செய்தார். அதற்குப் பிறகு போனுக்குள் தண்ணீர்தான் பேசியது. காலி கேனைக் கட்டிப்பிடித்து மிதந்து பிழைத்த என் கொழுந்தன் அய்யப்பன் சொன்ன சேதி இது.

அந்த நேரம் கரையில் என்ன நடந்தது? ஐஸ் வண்டி வந்தது. பின்னாலேயே தலைவர் வந்தார். "காசி, உன் வூட்டுக்காரன் ரெண்டு தபா அடிச்சிட்டான்! மீனு டபுளா வருது, ஜல்தியா கூடைய எடுத்துக்கினு வா!" என்றார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆள் அனுப்ப வேண்டிய நேரத்தில் ஐஸ் அனுப்பினோம் ஐயா, ஐஸ்! படகு வந்ததா? ஐஸ் உருகியது. அவர் வந்தாரா? ஐஸ் உருகியது.

தலைவர் கெட்டவரா? இல்லவே இல்லை. "ஏழைங்க காசு போவக்கூடாதுன்னுதானே கட் பண்ணேன்" என்று என்னிடம் வந்து அழுதார். நல்ல மனசு. ஆனால் மனசு அழுகிறது, கை கட் செய்கிறது!

இன்று சங்கம் புதிதாகக் கரை போன் வாங்கியிருக்கிறது, ஆபத்தில் இருக்கும் படகு அழைப்பதற்காக. நம்பரை எல்லாப் படகிலும் எழுதியாயிற்று. போன் எங்கே? தலைவரின் சட்டைப்பையில்! எனக்கு எழுத்துதான் வராது. மீன் விற்பவளுக்கு எண் வராதா? இதோ, என் போனில் அந்த நம்பரை அழுத்துகிறேன். மணி அடிப்பது கேட்கிறதா, தாய்மாரே?

கட் செய்துவிட்டார்!

சிரிக்காதே செண்பகம். "மேடையில குந்திக்கினு இருக்கேன், பேஜாரு பண்ணாதம்மா" என்கிறார் அண்ணன். மேடை முடியட்டும் என்று கடல் காத்திருக்குமா? மாலை வாடட்டும் என்று அலை பார்த்திருக்குமா?

எனக்குச் சால்வை வேண்டாம் அண்ணே. அந்தப் போனைக் கொடுங்கள். படகு திரும்பும்வரை இந்தக் கரையில் கண் மூடாதவர்கள் யார்? நாங்கள்! முறைபோட்டு நாங்களே வைத்திருக்கிறோம். எடுப்பதற்கு எழுத்து வேண்டாம், காது போதும்.

யோசிக்கிறார்... எடுக்கிறார்... கொடுத்துவிட்டார்! செண்பகம், ஓடி வா, முந்தானையில் முடிந்துகொள். முதல் முறை உனக்கு.

இப்போது சொல்கிறேன் நன்றி. போனைக் கொடுத்த தலைவருக்கு நன்றி. பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு நன்றி. கடலுக்குப் போகும் பிள்ளைகளே, தைரியமாக அடியுங்கள். இனி ஐஸ் வேண்டுமா, ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்போம்.

வணக்கம்.