ஆடாத கை

மருதாணி வைத்துக்கொள்கிறவர்கள் கையை ஆட்டாமல் இருந்தாலே உலகத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஜமாஅத்துப் பெரியவர்களான நீங்கள் ஆண்கள், இது உங்களுக்குப் புரிய வாய்ப்பில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

எனக்கு இது தொழில் இல்லை, ஆசை. கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ் ஏறிப்போய் வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டேன். கொடி, இலை, மயில் எல்லாம் தாளில் அச்சுப்போல வரும். ஆள் கையில் வராது. ஒருத்திக்கு மூக்கு அரிக்கும், இன்னொருத்திக்கு அடுப்பில் வைத்த பால் நினைவுக்கு வரும். டீச்சர் என் வேலையைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அம்சத், ஆனா இன்னும் வரணும்" என்றார். அந்த "இன்னும்" என்னைச் சோறு தின்ன விடவில்லை.

ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் ஜெய்லானி சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தார். கை பாயில் மல்லாந்து கிடந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை ஒரே இழுப்பில் கொடி ஓட்டினேன். அவ்வளவு சுத்தமான கொடியை அன்றுதான் பார்த்தேன். சாயங்காலம் திராட்சை மண்டியில், "என்ன ஜெய்லானி, இன்னொரு நிக்காவா?" என்று கேட்டார்களாம். வீட்டுக்கு வந்து, "ஏ அம்சத், நான் மனுசனா, பலகையா?" என்று சத்தம் போட்டார். எனக்கு அவரிடம் இருந்த குறை வேறு. தொட்டால் முழித்துக்கொள்வார். மாமியாருக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை வீட்டில் இருந்தது. அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு அவர் நன்றாக உறங்கினார், நானும் நன்றாக முன்னேறினேன். மண்டியில் கேலி வேண்டாம் என்று பாதத்தில்தான் வரைந்தேன். கொஞ்ச நாளில் அவராகவே சாக்ஸ் வாங்கிக்கொண்டார்.

ஷர்மின் விஷயத்துக்கு வருகிறேன். ஜெய்லானியின் அக்கா மகள். கல்யாணத்துக்கு மருதாணி வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஸ்டுடியோ சண்முகராஜ் அப்போதுதான் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை கைமேல் பெண் கையை வைத்து ஒரு படம் எடுப்பார். நன்றாக வந்தால் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டுவார். தேனி டீச்சர் கம்பத்துக்கு வந்தால் அந்தக் கடையைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

முதல்நாள் உட்கார்ந்தபோது ஷர்மின் அழுதுகொண்டே இருந்தாள், வேலை நடக்கவில்லை. கல்யாணத்தன்று காலையிலும் கை நடுங்கியது.

"மாமி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். அத்தாகிட்ட சொன்னேன், காதுலயே வாங்கல. சம்மதம் கேக்க வருவாகள்ல, அப்ப சாட்சிக முன்னாடி இல்லைன்னு சொல்லிருவேன்."

"தாராளமா சொல்லு. இப்ப விரலை மட்டும் ஆட்டாத" என்றேன்.

ஆட்டினாள். பாவம், உறங்காத பிள்ளை. ரோஸ்மில்க் கலந்து கொடுத்தேன். முழு மாத்திரையாகவே போட்டேன், வயசுப் பிள்ளைக்கு அரை காணாது. தலையணையில் சாய்ந்தவள் அப்படியே உறங்கிப்போனாள். மருதாணியில் தூசி படும் என்று மற்றப் பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். மயிலின் கண்கூட நான் நினைத்தபடி வந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

அவள் சித்தப்பா, அத்தாவின் தம்பி ரியாசுதீன், சாட்சிகளோடு வந்து கதவுக்கு வெளியே நின்று சம்மதம் கேட்டார். பெண் பேசாமல் இருந்தாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள் என நினைத்தேன். அவர் விடவில்லை. "வாயைத் தொறந்து சொல்லும்மா, நான் காதால கேக்கணும்" என்றார். நல்ல மனிதர், அவரைத் தப்புச் சொல்லாதீர்கள்.

எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் இல்லை என்பாள். அப்புறம் மாப்பிள்ளை கை ஏது, படம் ஏது? "சம்மதம்" என்றேன். அவளைப்போலவே அழுது கம்மிய குரலில் சொன்னேன், அதுவும் பிசகாமல் வந்தது. கையெழுத்துக் கேட்டார். மருதாணி ஈரம், பிறகு போடுகிறேன் என்று அதே குரலில் சொன்னேன். அதனால்தான் நிக்காஹ் பதிகிற தஃப்தரில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

அவள் கண் விழித்தபோது வெளியே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"என்னைக் கேக்க வரலையா மாமி?"

"வந்தாக. கேட்டாக. முடிஞ்சிருச்சு."

எழுந்துபோய் இரண்டு கைகளையும் சுவரில் வைத்துத் தேய்த்தாள். அந்தச் சுவரைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. சண்முகராஜ் படம் எடுக்காமலே போய்விட்டார்.

அன்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போக மாட்டேன் என்று நிற்கிறாள். சம்மதம் சொல்லிவிட்டுப் பொய் பேசுகிறாள் என்று அவள் அத்தாவே கைநீட்டி அடித்தார். அவள் சொல்லவில்லை. சொன்னது நான்.

இந்த நிக்காஹ் செல்லாது என்று நீங்கள் முடிவு செய்தால் எனக்கு வருத்தமே இல்லை. பிள்ளை மனசுக்குப் பிடித்த மாப்பிள்ளை அமையட்டும். நான் என்றைக்கும் அவள் நல்லதைத்தான் நினைத்தேன். ஒன்றே ஒன்று, அந்தக் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிடச் சொல்லுங்கள். இடது கை மோதிர விரலில் ஒரு வளைவு கொஞ்சம் தடித்துவிட்டது. அடுத்த தடவை சரியாக வந்துவிடும்.