ஆம்புலன்சுக்கு மட்டும்

எங்கள் பேரூராட்சிக் கூட்டத்தில் கொடுக்கும் போண்டா நன்றாக இருக்கும். வாசனை உள்ளே வந்ததும் தலைவர் தீர்மானங்களைக் கொஞ்சம் வேகமாக வாசிப்பார், யாராவது ஒருவர் "ஆல் பாஸ்" என்பார், எல்லோரும் கையைத் தூக்குவோம். எதற்குத் தூக்கினோம் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. நான் யாரையும் குறை சொல்லவில்லை அய்யா. சூடு ஆறினால் அதைச் சாப்பிட முடியாது.

நான் கவுன்சிலர் ஆனது இந்த மன்றத்தில்தான். அதற்கு முன்னால் நான் வெறும் புகழேந்தியின் மனைவி அன்புச்செல்வி. அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். எங்கள் தெரு கிரிவலப் பாதையிலிருந்து பிரிவது. பௌர்ணமிக்கு வரும் வேன்களை அந்தத் தெருவில் நிறுத்த விடலாம் என்று போன மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் பக்கத்து வார்டு கவுன்சிலர் அருணகிரி. எந்தக் கட்சி வந்தாலும் ஜெயிக்கிற ஆள்.

என் கணவர் தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனு கொடுத்தார். அவசரத்துக்கு ஓர் ஆட்டோகூட உள்ளே வர முடியாது என்று எழுதியிருந்தார். அருணகிரி அதை மன்றத்தில் வாசித்துக் காட்டினாராம். "மாசத்துல ஒரு நாளு. அந்த ஒரு நாளு பாத்துதான் இவருக்கு நெஞ்சுவலி வருமா?" என்று கேட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள், கையைத் தூக்கினார்கள்.

ஐப்பசிப் பௌர்ணமி மத்தியானம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. தெருவில் வேன்களுக்கு நடுவே ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனோம். வழியெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி தெருவுக்கு மேல் சொல்லவில்லை.

அருணகிரி பெரிய மாலையோடு வந்தார். "விதிம்மா. யாரால இன்னா பண்ண முடியும்?" என்றார். நடித்திருந்தால்கூட விட்டிருப்பேன். அவர் அதை நம்பித்தான் சொன்னார். தான் கை தூக்கியது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குப் பற்றியது இன்னும் என் வயிற்றில் எரிகிறது.

அவர் மனைவி ராஜம்மாள் வேறு மாதிரி. காரியம் முடிகிறவரை தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தார். என் சொந்தக்காரர்கள் போன பிறகும் வந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, தனக்கும் இதயத்தில் வால்வு சரியில்லை என்றார். மூச்சு முட்டினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரியாஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அவருகிட்ட சொல்லிடாத அன்பு. பயந்துடுவாரு" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சத்தியத்தை மீறுகிறவள் இல்லை.

அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. நின்றேன், அனுதாபத்தில் ஜெயித்தேன்.

மன்றத்துக்குப் போன பிறகுதான் அருணகிரியை எனக்குச் சரியாகத் தெரிந்தது. தன் அனுமதி இல்லாமல் ஒரு பொம்பளை வாயைத் திறப்பது அவருக்குப் பிடிக்காது. நான் தெருவிளக்கு கேட்டால் குழாய்தான் முக்கியம் என்பார். குழாய் கேட்டால் விளக்குதான் என்பார். நான் எதைக் கேட்கிறேன் என்று பார்க்கவே மாட்டார், கேட்பது நான் என்பது போதும். மற்றவர்கள் அவர் கையைப் பார்த்துத் தங்கள் கையைத் தூக்குவார்கள். கொஞ்ச நாளில் எனக்குப் பழகிவிட்டது. என் வார்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்றபோது எழுந்து நின்று தொட்டி வேண்டாம் என்றேன். அடுத்த மாதமே வந்துவிட்டது.

பிறகு கேட் தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் வந்து சேரும் தெருக்களை இரும்புக் கேட் போட்டுப் பூட்ட வேண்டும், ஆள் நுழைய ஒரு சின்னத் திறப்பு மட்டும் இருக்கட்டும் என்பது. இதை மட்டும் அவரால் எதிர்க்க முடியவில்லை. வேன்காரர்கள் அதற்குள் எங்கள் தெருவுக்கு அடுத்த அவர் தெருவுக்கும் வர ஆரம்பித்திருந்தார்கள், அவர் வாசலிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவுக்கு ஒரே வழிதான், மறுமுனை ஏரிக்கரையில் முடிந்துவிடும். அவர் வீடு அந்த மறுமுனையில் இருந்தது.

தலைவர் ஓட்டுக்கு விடப் போகும்போது நான் எழுந்தேன். "ஆம்புலன்சுக்கு மட்டும் தொறக்கணும்னு ஒரு வரி சேத்துக்கலாங்க" என்றேன். குரல் நடுங்கியது. புகழேந்தியை நினைத்துக்கொண்டதால் அது தானாக வந்தது.

அருணகிரி சிரித்தார். "ஆம்புலன்ஸ்னு ஒரு வரி போட்டா அத்தனை காரும் ஆம்புலன்ஸ் ஆயிடும்மா. பூட்டுனா பூட்டுனதுதான். ஒருத்தருக்கும் தொறக்கக் கூடாது. அப்படித் திருத்தம் போடுங்க தலைவரே" என்றார்.

நான் விடவில்லை. மன்றாடினேன் என்றே சொல்லலாம். நான் மன்றாட மன்றாட அவர் குரல் உயர்ந்தது. போண்டாவும் வந்துவிட்டது. என் வரிக்கு என் கை மட்டும் உயர்ந்தது, அவர் திருத்தத்துக்கு மற்ற எல்லாக் கைகளும். அவர் மனைவியின் வால்வைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கை உயர்ந்திருக்காது. சத்தியம் செய்திருந்தேனே அய்யா.

அருணகிரி தெருக் கேட்டுக்குக் காவல் வேடியப்பன். மன்றத்தில் தினக்கூலி. சாவி அவனிடம் இருந்தால் கட்சிக்காரர்கள் மிரட்டி வாங்கிவிடுவார்கள், என்னிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போ, காலையில் வந்து வாங்கிக்கொள் என்றேன். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னேன். நிம்மதியாகக் கொடுத்தான். சில பௌர்ணமிகள் சும்மா போயின. எனக்கு அவசரம் இல்லை.

சித்திரைப் பௌர்ணமி அன்று சாயங்காலம் முதல் போன் ராஜம்மாளிடமிருந்துதான் வந்தது. நீங்கள் இதை எங்கேயும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். "அன்பு, மூச்சு முட்டுது. அவரு திண்டிவனம் ரோட்டுல கல்யாணத்துக்குப் போயிக்கிறாரு. ஆம்புலன்சுக்கு சொல்லட்டுமா?" என்றார். "வெயில்ல வந்த களைப்புக்கா. கொஞ்ச நேரம் படுங்க, சரியாயிடும்" என்றேன். என் பேச்சைக் கேட்டுப் படுத்துக்கொண்டார்.

அருணகிரி வந்து பார்த்துவிட்டு என்னைப் போனில் கூப்பிட்டபோது அவர் குரலே அவர் குரலாக இல்லை. ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது, சாவி எங்கே என்றார். வேடியப்பனிடம்தான் இருக்கும், பாருங்கண்ணே என்றேன். சாவி என் கையில் இருந்தது. அவர்கள் கல்லால் பூட்டை அடிக்கிற சத்தம் என் வீட்டு மாடிக்குக் கேட்டது. நல்ல பூட்டு. இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொன்னவள் நான்.

கடைசியில் நாற்காலியில்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடியிலிருந்து பார்த்தேன். அருணகிரி பின்னால் ஓடிவந்தார், ஒரு காலில் செருப்பு இல்லை. திறப்புக்குள் நாற்காலி நுழையவில்லை. அவரே மனைவியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நுழைந்தார். அந்தப் பக்கம் போனதும் ஆம்புலன்ஸ்காரர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். எனக்கு நெடுநாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. கீழே இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன்.

துக்கத்துக்குப் போனேன். விதி என்று சொல்லத்தான் போனேன். எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்துவைத்த வார்த்தை. அவர் என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ தலையால அடிச்சிக்கின. நான்தாம்மா கேக்கல. என் கையாலேயே கொன்னுட்டேன்" என்றார். நான் சொல்வதற்கு எதுவும் மிச்சம் இல்லை. அடுத்த கூட்டத்தில் ஆம்புலன்சுக்கு மட்டும் திறக்கலாம் என்று அவரே தீர்மானம் கொண்டுவந்தார். நான் வழிமொழிந்தேன். அன்றைக்கு யாரும் போண்டா சாப்பிடவில்லை.

சாவியை என்னிடம் கொடுத்ததாக வேடியப்பன் உங்கள் ஆட்களிடம் சொன்னான். என்னைக் கேட்டார்கள், இல்லை என்றேன். ஆம்புலன்சுக்காக அத்தனை பேருக்கு முன்னால் மன்றாடியவள் பொய் சொல்வாளா என்று அவனை உள்ளே வைத்தீர்கள். நேற்று அவன் மனைவி கைக்குழந்தையோடு வந்து என் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, அழுதுகொண்டே இருந்தாள். எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

இதோ சாவி. அவனை அனுப்பிவிடுங்கள். எவனோ ஒருவன் செய்ததற்கு ஒரு பாவமும் அறியாத ஆள் அனுபவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது அய்யா.