சாயப்பட்டறைக் கிணற்றுத் தண்ணீர்

சகாயராணி, வயது 51, கணவர் பெயர் ஆண்டனிராஜ் (காலமாகிவிட்டார்), சவேரியார் கோவில் தெரு, திண்டுக்கல். சார்பு ஆய்வாளர் விசாரிக்கக் கூறியது:

நான் மேற்படி முகவரியில் மகள் ரூபியுடன் குடியிருந்து, வீட்டை ஒட்டியே சேலை நூலுக்குச் சாயம் போடும் பட்டறை நடத்தி வருகிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர் தங்கமுத்து, தன் கழிவுக் குழாயை நான் சிமெண்ட் வைத்து அடைத்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். அடைத்தது நான்தான். யாரும் தூண்டிவிடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு சித்தையன்கோட்டையிலிருந்து பிரிட்டோ வீட்டார் ரூபியைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்போது எங்கள் கிணற்றில் எங்கள் பட்டறைச் சாயக் கழிவே இறங்கி, தண்ணீர் ரோஸ் நிறத்தில் கிடக்கும். கேன் தண்ணீரில்தான் காபி போட்டோம். அவர்கள் நம்பாமல், கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அதன்பிறகு பிரிட்டோவின் அம்மா வாசலில் நின்று, "பொண்ணு தங்கமா இருக்கு மதினி. ஆனா இந்த வீட்டுல எப்படிக் கை நனைக்கிறது?" என்றார். ஆடை படிந்து ஆறிப்போன டம்ளர்களை ரூபிதான் கழுவி வைத்தாள். எனக்கு மானமே போய்விட்டது.

அதன்பிறகுதான் கழிவைச் சுத்தம் செய்யும் மெஷின் போட்டேன். நோட்டீஸ் வந்ததா, மானியம் கிடைத்ததா என்று அய்யா கேட்கிறார். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீஸ் முன்னேயே வந்தது, பரணில் போட்டேன். மானியம் பற்றிப் பட்டறைக்காரர்கள் மீட்டிங்கில் சொன்னபோது தூங்கிவிட்டேன். நூல் வாங்க வந்த வெளிநாட்டுக் கம்பெனி, கழிவைச் சுத்தம் செய்தால்தான் ஆர்டர் என்றபோதுகூட வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். என்னை அசைத்தது அந்த டம்ளர்கள்தான். தங்கமுத்து அண்ணன், "ஏத்தா, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? அம்புட்டும் மண்ணுக்குள்ள போறதுதான" என்று சிரித்தார். மழைக்காலம் இரண்டு போனபின் கிணறு தெளிந்தது. சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன், குடிக்கலாம் என்றார்கள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெருமைதான், அதிலென்ன? பிரிட்டோ வீட்டுக்கும் நானே போன் போட்டேன். வரும் ஞாயிறு மறுபடி வருகிறார்கள்.

இந்நிலையில் நேற்றுக் காலை கிணற்றடிக்குப் போனபோது, தங்கமுத்து சுவரில் புதிதாகத் துளைபோட்டு வைத்த குழாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் என் கிணற்றைப் பார்த்து ஓடிவந்தது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, "செத்த பொறுத்தா, ரெண்டு நாளுதான்" என்றார். என்ன நெஞ்சழுத்தம்! உடனே சிமெண்ட் குழைத்து என் கையாலேயே அடைத்தேன். தண்ணீர் திரும்பி அவருடைய நூல்கட்டுகள் நனைந்தது உண்மை. அதற்கு எனக்கு வருத்தமில்லை.

வழக்குப் போட்டால் ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட வேண்டாம். காபியை ரூபி கொண்டுவரட்டும். அதற்கு முன்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் மொண்டுவந்து, பிரிட்டோவின் அம்மா முன் நான் வைக்க வேண்டும்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்கிறது, ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டியதில்லை.

(ஒப்பம்) ஆ. சகாயராணி