வெயில் முதலில் விழும் இடம்

காலை வெயில் இருபது நிமிடம்தான் ஒழுங்காக இருக்கும், ஐயா. அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளிறிப்போகும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

பதினான்கு வருடமாகக் காட்டில் படமெடுக்கிறேன். மலையும் ஏரியும் சொன்னபடி நிற்கும். விலங்குகள்தான் எனக்குப் பிடிகொடுத்ததே இல்லை. என்னிடம் பதினொரு கரடிப் படங்கள் இருக்கின்றன. பதினொன்றிலும் முதுகுதான். "கரடிக்கே உங்க மூஞ்சி பிடிக்கல போல, மாமா" என்று மச்சினன் கேலி செய்வான். என் மனைவியின் ஒரே தம்பி. கேலி செய்தாலும், என் கேமரா முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுக்காமல் கூட வருகிறவன் அவன் ஒருவன்தான். அவன்மேல் எனக்கு உயிர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேசியப் பூங்கா வாசலில் காவலர் விதிகளை விளக்கமாகச் சொன்னார். சாப்பாட்டுப் பெட்டியைக் கூடாரத்திலிருந்து நூறு அடி தள்ளி, மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். தூங்கும் இடத்தில் ஒரு பிஸ்கட் துணுக்குகூட இருக்கக் கூடாது. "அப்படியும் கரடி வந்தா, கையைத் தட்டிச் சத்தம் போடுங்க. ஓடிரும்" என்றார். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாள் சொன்னபடியே இருந்தோம். பெட்டி தொங்கிய மரத்தடியில் இரண்டு முறை கரடியின் கால்தடம் பார்த்தோம். ஆனால் அங்கே கும்மிருட்டு. அங்கே வந்து எனக்கு என்ன லாபம்? காலையில் முதல் வெயில் விழுவது மச்சினனின் கூடாரத்துக்குப் பின்னால். அங்கே கூடாரம் போடச் சொன்னதும் நான்தான். பனியில் நனைந்த துணி சீக்கிரம் காயும் என்றேன். அது உண்மையும்கூட.

ஐந்தாம் நாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். விடிந்ததும் பெட்டியை இறக்கி, இரண்டு மீன் டின்களைத் திறந்து, வெயில் விழும் அந்த இடத்தில் வைத்தேன். கூடாரத்தை ஒட்டி வைக்கவில்லை; இரண்டு முழம் தள்ளித்தான் வைத்தேன். காலடிச் சத்தம் கேட்டு அவன் விழித்துக்கொண்டான்.

"மாமா, டீ போடட்டுமா?"

"குளிருதுடா. இன்னும் கொஞ்ச நேரம் படு" என்றேன்.

எதிரே இருந்த பாறைமேல் ஏறி உட்கார்ந்தேன். ஆறு இருபத்தொன்றுக்குக் கரடி வந்தது. முகம் முழுக்க வெயில். மூக்கின் ஈரம்வரை தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஐயா.

மீனைத் தின்று முடித்ததும் அது கூடாரத் துணியை மோந்து பார்த்தது. அப்போதே கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கத்தியிருந்தால் திரும்பியிருக்கும். திரும்பினால் மறுபடியும் முதுகுதான்.

கேமரா கார்டில் நேரம் பதிந்திருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். பதின்மூன்று நிமிடம், இருநூற்றுப் பதினாறு படங்கள். நடுவில் ஒரு கார்டு நிறைந்து வேறு கார்டு மாற்றியிருக்கிறேன். என் கை அதைச் செய்தது எனக்கு நினைவில்லை.

கரடி அடித்துச் செத்தான் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். அது பசிக்கு வந்த பிராணி, கூப்பிட்டவன் நான். என்ன தண்டனை கொடுத்தாலும் எனக்கு ஒன்றுதான். இனி நான் எந்தக் காட்டுக்கும் போகப்போவதில்லை. கூட வர ஆளும் இல்லை.

பிணவறை வாசலில் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவன் உங்களைக் கூப்பிட்டானா?" இல்லை என்றேன். அவள் மனம் தாங்காது என்றுதான் அந்தப் பொய். நான்கு முறை கூப்பிட்டான். நான்காவது முறை, கிழிந்த துணி வழியாகத் தலையை நீட்டி நேராக என்னைப் பார்த்தான். அந்தப் படத்தில் இரண்டு முகமும் அப்படியே தெளிவாக விழுந்திருக்கின்றன, ஐயா. அந்தக் கார்டை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.